சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்த பாலையா



போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்ததும் அம்மா கூடத்திலேயே பாயை விரித்துப் படுத்துவிட்டார். எண்பதைத் தாண்டிய உடம்பு. லேசாகச் சத்தம் கேட்டாலும் தூக்கம் கலைந்துவிடும். தொலைக்காட்சியில் 'காதலிக்க நேரமில்லை' ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க மனம் வரவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் காட்சி வந்தது. ஓஹோ புரொடக்ஷன்ஸ் செல்லப்பா தன் அப்பாவைப் பிடித்து உட்காரவைத்து, எடுக்கப்போகும் பேய்ப்படத்தின் கதையைச் சொல்லும் காட்சி. நாகேஷும் டி.எஸ். பாலையாவும். எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. எப்போதும் அதை நாகேஷின் காட்சி என்றே சொல்லிவந்திருக்கிறேன். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். கதையைச் சொல்பவர் அவர். கதவு, காற்று, காலடி எல்லாவற்றுக்கும் வாயாலேயே சத்தம் கொடுப்பவரும் அவர்.

அன்றைக்கு அந்தச் சத்தம் எதுவும் இல்லை. நாகேஷின் வாய் அசைகிறது, கை பறக்கிறது, உடம்பு வளைகிறது. ஆனால் என்ன நடக்கிறது என்று அதிலிருந்து தெரியவில்லை. என் கண் தானாகவே எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம் போயிற்று. அங்கே முழுக்கதையும் இருந்தது. முதலில், பிள்ளை உளறுவதைக் கேட்டுத் தொலைப்போம் என்று உட்கார்ந்திருக்கும் ஒரு பணக்கார அப்பா. பிறகு அவர் கண் மட்டும் கொஞ்சம் கூர்மையாகிறது. கதைக்குள் ஒரு கால் வைத்துவிட்டார். அடுத்து உடம்பு நாற்காலியில் பின்னால் ஒடுங்குகிறது. வாய் திறந்தபடி நிற்கிறது. பார்வை நாகேஷின் கை போகும் பக்கமெல்லாம் போகிறது, அங்கே நிஜமாகவே எதுவோ நிற்பதைப்போல. பயத்தை விலக்கிக்கொள்ள ஒரு தடவை சிரித்துப் பார்க்கிறார். அந்தச் சிரிப்பு பாதியில் செத்துப்போகிறது. சத்தம் இல்லாமலே எனக்கு வயிறு குலுங்கியது. அம்மா எழுந்துவிடுவாரோ என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அந்தப் பேயை உண்டாக்கியவர் நாகேஷ். அது அந்த அறைக்குள் வந்துவிட்டது என்று நம்மை நம்பவைத்தவர் பாலையா. கேட்பவர் நம்பாவிட்டால் சொல்பவர் என்ன ஆட்டம் ஆடினாலும் அது வெறும் ஆட்டம்தான். இந்தப் படம் 1966இல் 'பியார் கியே ஜா' என்று இந்திக்குப் போனபோது மெஹ்மூத் கதை சொல்ல, ஓம் பிரகாஷ் உட்கார்ந்து கேட்டார். அங்கேயும் மக்கள் கொண்டாடியது இதே காட்சியைத்தான். கேட்கத் தெரிந்த ஒருவர் எதிரில் இருந்தாக வேண்டும் என்பதை ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் எழுதும்போதே அறிந்திருக்கிறார்கள்.

அந்த மத்தியானத்திலிருந்து ஒரு வாரமாக எனக்குப் பாலையா பைத்தியம். இந்த மாதம் இந்தப் பக்கத்தில் வேறொரு விஷயம் எழுதுவதாக இருந்தேன். அதைத் தள்ளிவைத்துவிட்டேன்.

பாலையா 1914இல் பிறந்தவர். ஊர் தூத்துக்குடிப் பக்கம் சுண்டங்கோட்டை. அந்தக் காலத்து நடிகர்கள் பெரும்பாலோரைப்போல நாடக மேடையில் பழகி வந்தவர். 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி' அவருக்கு முதல் படம். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை. நல்லபடியாக வாழ்ந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்துக்காரனை நண்பன் ஒருவன் குடிக்குப் பழக்கிக் கெடுப்பான். அந்தக் கெடுக்கும் நண்பன்தான் பாலையா. முதல் படத்திலேயே வில்லன். அடுத்த ஆண்டு 'அம்பிகாபதி'யில் தியாகராஜ பாகவதருக்கு எதிரே ருத்ரசேனன், அதுவும் வில்லன். அதன்பிறகு இருபது வருஷம் ஊரே அவரை வெறுக்க வேண்டும் என்பதுதான் அவருக்குக் கிடைத்த வேலை. அதைக் குறைவில்லாமல் செய்தார்.

எவ்வளவு குறைவில்லாமல் என்பதற்கு என் வீட்டிலேயே சாட்சி இருந்தது. அன்றைக்கு நான் சிரிப்பை அடக்கிய சத்தத்திலேயே அம்மா கண்விழித்துவிட்டார். படுத்தபடியே திரையைப் பார்த்தார்.

"பாலையாவாடா? சத்தத்த வையேன். ஊமைப்படமா பாக்குற?"

சத்தத்தை வைத்தேன். அம்மா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "இந்த ஆள எவ்வளவு வஞ்சிருக்கேன் தெரியுமா!" என்று ஆரம்பித்தார். 'மதுரை வீரன்' எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு வந்தபோது அவருக்குப் பதின்மூன்று பதினான்கு வயசு இருக்கும். தரை டிக்கெட். பெண்கள் பக்கம் மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் ஏறி உட்கார்ந்து பார்ப்பார்கள். பொம்மியை அடைய நினைக்கும் நரசப்பனாகப் பாலையா திரையில் வந்தாலே போதும், அந்த மணல்மேடுகளிலிருந்து சாபம் கிளம்புமாம். "பாழாப் போறவனே, உனக்கு ஏண்டா இந்தப் புத்தி" என்று பக்கத்து வீட்டு ஆத்தா திரையைப் பார்த்து நேருக்கு நேராகப் பேசுவாராம். இடைவேளையில் முறுக்கு விற்கும் பையனிடம்கூட நரசப்பனைப் பற்றித்தான் பேச்சாம். அம்மா இதைச் சொல்லும்போது அறுபது, எழுபது வருஷத்துக் கோபம் முகத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

இப்படி ஊரே வைத ஒருவர், பின்னால் எப்படி எல்லார் வீட்டிலும் பெரியவராக உட்கார்ந்தார்? நான் யோசித்ததும் தேடித்தேடிப் படம் பார்த்ததும் இதற்காகத்தான்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பாலையா பெரிய வேஷக்காரர் இல்லை. முகத்தை அடையாளம் தெரியாமல் மாற்றிக்கொள்வது, கூன் போடுவது, பத்து வேஷம் கட்டுவது, இதெல்லாம் அவர் வழி இல்லை. அதே உருண்டை முகம். அதே பருத்த உடம்பு. வார்த்தையின் வாலைக் கொஞ்சம் இழுத்து, மூக்கில் உரசிவிட்டு அனுப்பும் அதே குரல். திரையில் தலை தெரிந்த உடனே பாலையா என்று குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் இரண்டு நிமிஷம் கழித்துப் பார்த்தால் அங்கே பாலையா இருக்க மாட்டார். அந்தப் படத்துக்கு உரிய ஆள் மட்டும்தான் இருப்பார்.

சத்தத்தைக் குறைத்துப் பார்த்ததற்கு நேர்மாறாக, 'தூக்குத் தூக்கி'யைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். 1954இல் வந்த படம். இளவரசனின் மனைவியோடு கள்ளத்தொடர்பு வைத்திருக்கும் வடநாட்டுச் சேட்டு அவர். தமிழை உடைத்து, உருட்டி, நம்பள் நிம்பள் என்று பேசும் பேச்சு. அதன்பிறகு தமிழ்ப் படங்களில் எத்தனையோ சேட்டுகள் வந்துபோய்விட்டார்கள். பல பேர் பேசியது இந்தச் சேட்டின் பேச்சைத்தான். ஆனால் அது வெறும் கொச்சைத் தமிழ் வேடிக்கை இல்லை. கண்ணை மூடிக் கேட்டால் தெரிகிறது: அவளிடம் குழையும்போது ஒரு குரல், வியாபாரம் பேசும்போது வேறொரு குரல், மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் வரும்போது இன்னொரு குரல். உடைந்த தமிழின் ஒவ்வொரு உடைசலுக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்.

வில்லனாகவே பார்த்துப் பழகிய காலத்திலேயே அவரை வேறு மாதிரி பார்த்தவர்களும் இருந்தார்கள். அண்ணாவின் 'வேலைக்காரி' 1949இல் படமானபோது, நாயகன் ஆனந்தனின் நண்பன் மணி என்ற வேடத்தைப் பாலையாவிடம் கொடுத்தார் இயக்குநர் ஏ.எஸ்.ஏ. சாமி. அப்பாவின் சாவுக்குக் காரணமான வேதாசல முதலியாரைக் கத்தியால் குத்திவிடத் துடிக்கிறான் ஆனந்தன். குத்திவிட்டு ஜெயிலுக்குப் போவதால் என்ன மாறிவிடும், அறிவைக்கொண்டு பழிவாங்கு என்று அவனைத் திருப்புகிறவன் மணி. அந்தப் படம் சொல்ல வந்ததன் மையமே மணியின் வாயில்தான் வருகிறது. ஊர் வெறுக்கும் ஒரு நடிகரின் வாயில் அண்ணாவின் கொள்கையை வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். பாலையா அதைப் பிரசங்கமாகப் பேசவில்லை. கோபத்தில் இருக்கும் நண்பனின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கோபம் தீரும்வரை கேட்டுவிட்டு, பிறகு பேசுகிறார். இங்கேயும் கேட்பதுதான் முதலில்.

அம்மாவுக்கு மனம் மாறியது 'பாகப்பிரிவினை'யில். 1959, பீம்சிங் படம். சிவாஜி ஒரு கை விளங்காத கண்ணையன். பாலையா அந்த வீட்டின் மூத்தவர் வைத்தியலிங்கம். தம்பி எஸ்.வி. சுப்பையா. பெரியவரின் மனைவியாக வரும் சி.கே. சரஸ்வதிக்கு, தம்பி குடும்பத்தைக் கண்டாலே ஆகாது. அந்தப் பெண்மணி பேசும்போதெல்லாம் பாலையாவைப் பாருங்கள். மனைவி சொல்வது தப்பு என்று தெரியும். எதிர்த்துப் பேச வாய் வராது. தம்பி முகத்தைப் பார்க்கவும் முடியாது. தலையைக் குனிந்துகொண்டு, துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றும் பெரியவர்களை நாம் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்! கெட்டவர் இல்லை, தைரியம் இல்லாதவர். நல்லவராகவோ கெட்டவராகவோ நடிப்பதைவிட இது கஷ்டம். "அந்தப் படத்துக்கப்புறம் அவர வைய வாய் வரல" என்றார் அம்மா. "எங்க பெரியப்பா அப்படியேதான் இருப்பாரு."

மறுபடியும் 'காதலிக்க நேரமில்லை'க்கு வருகிறேன். பேய்க்கதைக் காட்சி மட்டுமே பேசப்பட்டுப் பேசப்பட்டு, எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன் என்ற அந்த முழு மனிதரை நாம் மறந்துவிடுகிறோம். ரவிச்சந்திரன் அவரிடம் வேலைபார்க்கும் சாதாரண ஆளாக இருக்கும்போது இந்த விஸ்வநாதனுக்கு நெஞ்சு ஒரு சாண் அதிகம் நிமிர்ந்திருக்கும். பேச்சு மேலிருந்து கீழே விழும். வேலையைவிட்டு நீக்குகிறார், அந்தப் பையன் வீட்டு எதிரிலேயே கூடாரம் போட்டுவிடுகிறான். பிறகு அதே பையன் ஒரு கோடீஸ்வரரின் பிள்ளை என்று தெரியவருகிறது, அதாவது முத்துராமன் வயசான அப்பா வேஷம் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். அந்த நிமிஷத்தில் பாலையாவின் முதுகைக் கவனியுங்கள். முகத்தை அல்ல, முதுகை. பணம் உள்ளே வந்த உடனே அது வளைகிறது. குரல் கீழிருந்து மேலே போகத் தொடங்குகிறது. நிமிர்ந்து நின்றவரும் குழைந்து நிற்பவரும் ஒரே ஆள் என்பதில் நமக்குச் சந்தேகமே வருவதில்லை, அதே சமயம் அவர் மேல் வெறுப்பும் வருவதில்லை. பெண்களைக் கரையேற்ற வேண்டிய அப்பாவின் ஆசையும் அதற்குள் இருப்பதை அவர் காட்டிவிடுகிறார்.

ஒரு படத்துக்குள்ளேயே இத்தனை ஆள். எதிரில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்துத் தான் யார் என்பது மாறும் மனிதர். நமக்குள்ளும் அப்படித்தானே? அதிகாரியிடம் ஒருவர், அடுத்த வீட்டுக்காரரிடம் ஒருவர், பேத்தியிடம் ஒருவர். பாலையா தன் வசனத்தை எப்படிச் சொல்வது என்று தனியாக முடிவு செய்துகொண்டு வந்தவராகவே எனக்குத் தோன்றவில்லை. எதிராளி சொல்வதைக் காதில் வாங்கி, அது தன்னை என்ன செய்கிறது என்று பார்த்து, அதிலிருந்து பேசியிருக்கிறார். அதனால்தான் வில்லனும் அப்பாவும் சேட்டும் வித்வானும் ஒரே முகத்தோடு வந்தாலும் ஒருவரோடொருவர் கலக்கவில்லை.

ஸ்ரீதரிடமே மூன்று வருஷம் கழித்து 'ஊட்டி வரை உறவு'. அங்கேயும் பணக்கார அப்பாதான்; ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பழைய ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டிருப்பவர். கதவு தட்டப்பட்டாலே அந்த ரகசியம்தான் வந்துவிட்டதோ என்று பார்க்கும் பார்வை. அதே 1967இல் பாலசந்தரின் 'பாமா விஜயம்': அடுத்த வீட்டுக்கு நடிகை குடிவந்த ஜோரில் மூன்று பிள்ளைகளும் மருமகள்களும் வரவுக்கு மேல் செலவழித்து ஆடும்போது, அடித்தளமாக நிற்கும் மாமனார். மூன்று அப்பாக்கள், மூன்று தனி ஆட்கள்.

இனி 'திருவிளையாடல்'. இதற்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலையா ஏற்ற ஹேமநாத பாகவதர் பாண்டியன் சபைக்கு வந்து பாடும் பாட்டு, பாலமுரளிகிருஷ்ணாவின் குரல், கண்ணதாசன் எழுதி, கே.வி. மகாதேவன் இசையமைத்தது. தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகங்களின் பெயரையே வரிகளில் கோத்துக்கொண்டு போகும். கேட்கக் கேட்கத் தேன். இங்கேதான் நடிகருக்குச் சிக்கல். பாட்டு இவ்வளவு இனிமையாக இருந்தால் பாடுகிறவர் ஜெயிக்க வேண்டும் என்றல்லவா பார்க்கிறவருக்குத் தோன்றும்? ஆனால் கதைப்படி இவர் தோற்க வேண்டும். தோற்பதை நாம் விரும்பவும் வேண்டும். பாட்டில் கை வைக்க முடியாது. அது பாலமுரளியுடையது, அதில் குறையே கிடையாது. ஆகவே பாலையா கர்வத்தைப் பாட்டுக்கு வெளியே வைக்கிறார். ஒரு பிருகாவை முடித்துவிட்டுச் சபையைச் சுற்றிப் பார்க்கும் பார்வையில் வைக்கிறார். கழுத்தைத் திருப்பும் வேகத்தில், பின்னால் தொடரும் சீடர்களை அலட்சியமாக அமர்த்தும் கையில் வைக்கிறார். சங்கீதத்தை நாம் ரசிக்கிறோம். சங்கீதக்காரர் மேல் எரிச்சல் வருகிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் நமக்குள் உண்டாக்குகிறார். கமகத்துக்கு ஏற்ற தாடை அசைவும் தொண்டை நரம்பும் அவ்வளவு பொருந்தியிருப்பதால், அது அவருடைய குரல் இல்லை என்பது நினைவுக்கே வருவதில்லை.

பிறகு ராத்திரி. பாகவதரோடு போட்டியிட வேண்டிய சபைப் பாடகர் பாணபத்திரரைக் காப்பாற்றச் சிவபெருமான் விறகுவெட்டியாக வந்து, பாகவதர் தங்கியிருக்கும் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்கிறார். பாணபத்திரரிடம் பாட்டுக் கற்கப் போய், தேறமாட்டாய் என்று தள்ளப்பட்டவன் நான் என்கிறார். அங்கே ஒரு பாட்டும் பாடுகிறார். சிவாஜிக்கு அந்தப் பாட்டு பெரிய விருந்து, டி.எம்.எஸ். குரலில் பல வாத்தியங்களையும் அவரே வாசிக்கும் காட்சி. ஆனால் அது முடியும்போது பாலையாவைப் பாருங்கள். காலையில் சபையையே அளந்த அந்தக் கண் இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறது. தோல்வியை அவர் அழுது காட்டவில்லை. தலையில் அடித்துக்கொள்ளவில்லை. இவ்வளவு பாடுகிறவனையே வேண்டாம் என்று தள்ளினார் என்றால் அந்தக் குரு எப்படிப் பாடுவார் என்ற கணக்கு அவருக்குள் ஓடி முடிகிறது. அது முடிவதை நாம் கண்ணால் பார்க்கிறோம். கர்வம் போன இடத்தில் ஒரு நல்ல சங்கீதக்காரர் மிச்சம் நிற்கிறார். சங்கீதம் தெரிந்தவருக்குத்தான் அந்தத் தோல்வி அவ்வளவு சீக்கிரம் புரியும். விடிவதற்குள் மதுரையைவிட்டுப் போகும் அந்த மனிதர் மேல் எனக்கு எப்போதும் இரக்கம்தான் வரும்.

பாலையா 1972 ஜூலையில் காலமானார். ஐம்பத்தெட்டு வயது முடியவில்லை. இவ்வளவு படங்களில் பெரியவராகவும் மாமனாராகவும் பார்த்துவிட்டு, அவர் முழுக்கிழவராகவே இருந்து போனார் என்று நான் நினைத்திருந்தேன். விஸ்வநாதனாக நடிக்கும்போது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. அவர் மகன் ஜூனியர் பாலையாவை 'கரகாட்டக்காரன்', 'சாட்டை' போன்ற படங்களில் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவரும் 2023 நவம்பரில் மறைந்துவிட்டார். சில கோணங்களில் அப்படியே அப்பாவின் முகம்.

இந்தப் பக்கத்தை எழுதி முடித்து அச்சுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் ராத்திரி, அம்மாவிடம் இன்னொரு பாலையா படம் பார்க்கலாமா என்று கேட்டேன். "அந்தத் தவில்காரரைப் போடு" என்றார்.

'தில்லானா மோகனாம்பாள்', 1968. கொத்தமங்கலம் சுப்பு எழுதிய கதை, ஏ.பி. நாகராஜன் படம். பாலையா தவில் வித்வான் முத்துராக்கு. அம்மா முழுப் படத்துக்கும் உட்காரவில்லை. சிக்கல் சண்முகசுந்தரத்துக்குக் கையில் கத்திக்குத்துப் பட்டு, குணமாகி, மறுபடி நாதஸ்வரம் எடுக்கும் சபையில் மோகனா வந்து ஆடும் இடத்துக்கு ஓட்டச் சொன்னார். சிவாஜியும் பத்மினியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள வழியில்லை. அவள் நலம் விசாரிப்பது முழுவதும் ஆட்டத்தில். இவர் பதில் முழுவதும் கண்ணில். நடுவில் பாலையா, ஒரு கையில் கழி, இன்னொரு கையில் விரல்கூடு. தாளத்தை நிறுத்த முடியாது, சபை நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்த இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அங்கே முழுசாகப் புரிந்தவர் அவர் ஒருவர்தான். கை தவிலில் இருக்கிறது. முகம் ஒரு தடவை அவளிடம் போகிறது, ஒரு தடவை தம்பியாகப் பாவிக்கும் சிக்கலாரிடம் வருகிறது. கண் கலங்குகிறது. அந்தக் கலக்கத்துக்குள்ளேயே, அப்பாடா, பிள்ளைகள் பேசிக்கொண்டுவிட்டார்கள் என்று ஒரு சிரிப்பும் வருகிறது. அடி தவறவில்லை.

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவை போடுடா" என்றார்.

போட்டேன்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் சொன்ன பாலையா கதைகள் இருந்தால் எழுதி அனுப்புங்கள். மணல்மேட்டில் உட்கார்ந்து நரசப்பனை வைத ஆத்தாக்களைப் பற்றி என்றால், எவ்வளவு நீளமானாலும் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்